வால்வு திறப்பு ஆலோசனைக் குழு

“இந்த வால்வை நான் ஒரு தடவை திறந்து பார்க்கணும் சார்.”

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று நான் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். சொன்னவர் ஆரோக்கியமணி அங்கிள். எங்கள் நிறுவனத்தின் செய்முறைப் பயிற்சியாளர், நகரத்தின் பழைய ராணுவப் பகுதியான கேம்ப்பில் பிறந்து வளர்ந்த தமிழர். கேண்டீனில் வடாபாவைக் கடித்தபடியே சொன்னார்: “அரே பேட்டா, லீவு கேளு, குடுப்பாங்க. ஹாஸ்டல் சாப்பாடு கராப்னு கம்ப்ளெயின்ட் பண்ணு, சிரிச்சுக்குவாங்க. வால்வைத் திறங்கன்னு மட்டும் கேக்காதே. இத்தனை வருஷத்துல நானே கேட்டதில்ல.”

நான் கேட்டுவிட்டேன். அதுவும் மொத்த வகுப்பும் நிற்க, இயக்குநர் டாக்டர் கந்தசாமியின் முகத்துக்கு நேராக.

அவர் என்னை, சாமி சன்னதிக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“எந்த வால்வும்மா?”

“இதுதான் சார். கழுவுற கோபுரத்துக்கு வாயு போற வால்வு.”

“அது செயல்முறைப் படத்துல திறந்துதானே இருக்கு?”

“படத்துல திறந்திருக்கு சார். இங்க மூடியிருக்கு.”

“அப்ப படத்தைப் பாரு” என்றார். பிரச்சினை முடிந்துவிட்டதாக நினைத்து அடுத்த இயந்திரத்துக்கு நகர்ந்தார். வகுப்பும் நகர்ந்தது. நான் நகரவில்லை. ஆரோக்கியமணி அங்கிள் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

எங்கள் நிறுவனத்தின் பெயர் கடல்வாயு கரைச்செயல்முறை உயர்பயிற்சி நிலையம். கடலுக்கு அடியிலிருந்து எடுக்கும் இயற்கை வாயுவைக் கரையில் சுத்தம் செய்யும் ஆலைகளுக்கு ஆள் தயாரிப்பது அதன் வேலை. அது இருக்கும், மராட்டிய மாநிலத்து ஹடப்சரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மலைத்தொடர் ஒன்றைத் தாண்ட வேண்டும். கரையில் ஏன் கட்டவில்லை என்று முதல் வாரத்தில் ஒரு பையன் கேட்டதற்கு, கடற்காற்று பட்டால் நாற்காலிகள் துருப்பிடிக்கும் என்று பதில் வந்தது. அவன் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டான்.

கடலிலிருந்து வரும் வாயு நம் வீட்டு அடுப்பில் எரியும் வாயு மாதிரி இருக்காது. நீர், எண்ணெய், மணல் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். குழாயில் கட்டிகட்டியாக வந்து மோதும் திரவத்தை முதலில் பெரிய குழாய் வரிசை ஒன்றில் தேக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு வாயுவைத் தனியாகப் பிரித்து, அமீன் என்ற கரைசலால் கோபுரத்துக்குள் கழுவ வேண்டும். கழுவி எடுப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடை. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாறும். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது; நாற்றம் போய்விட்டதே என்று நிம்மதியாகும்போது ஆள் விழுவான். கழுவிய வாயுவை உலர்த்தி, குளிரவைத்து, மிச்ச எண்ணெயையும் இறக்கிவிட்டுத்தான் ஊருக்கு அனுப்ப முடியும்.

இவ்வளவையும் நாங்கள் கையால் பழகுவதற்காக வளாகத்தின் நடுவில் ஒரு குட்டி ஆலை உண்டு. குழாய், கோபுரம், பம்பு எல்லாம் நிஜம். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியதோடு சரி, அது ஒரு நாளும் ஓடவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டு விழாவுக்கு முன்னும் அதற்குப் பெயின்ட் அடிப்பார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பச்சை, வாயுக் குழாய்க்கு மஞ்சள். வால்வின் சக்கரம், சக்கரத்தின் தண்டு, தண்டின் மரை எதையும் விடமாட்டார்கள். பெயின்ட்மேல் பெயின்ட் ஏறி வால்வும் குழாயும் ஒரே உடம்பாகிவிட்டன. அழுத்தமானிகளின் கண்ணாடியையும் ஒருமுறை பூசிவிட்டார்களாம். உள்ளே முள் தெரியவில்லை என்று விருந்தினர் ஒருவர் குறைப்பட, கண்ணாடிக்கு மேலேயே முள் வரைந்துவிட்டார்கள். சரியான அழுத்தத்தில் வரைந்திருந்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது.

வாசலில் ஒரு பெரிய மின்பலகை: ‘விபத்தில்லாத நாட்கள்’. இந்த நாட்டில் எந்த ஆலையிலும் அவ்வளவு பெரிய எண்ணை நான் பார்த்ததில்லை. அந்தப் பலகையை மாட்டும்போது ஏணியிலிருந்து ஒருவர் விழுந்து இடுப்பு உடைந்தது. அவர் ஒப்பந்த ஆள் என்பதால் எண்ணைத் தொந்தரவு செய்யவில்லை.

நான் இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறை பொதுக்கூட்டத்தில் மைக்கில் கேட்டேன். அதன் பிறகுதான் வால்வு திறப்பு ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது.

குழுவின் கூட்டத்துக்கு என்னையும் கோரிக்கையாளர் என்று கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் நிறுவனத்தில் எந்தக் கூட்டமும் பாதுகாப்பு உரையோடுதான் தொடங்கும். அன்று கொள்முதல் அதிகாரி, சூடான டீயை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வெகுநேரம் பேசினார். கப்பின் காதைப் பிடிக்கலாம், விளிம்பைப் பிடிக்கக் கூடாது. அதற்குள் எல்லோருடைய டீயும் ஆறிவிட்டது. அபாயம் நீங்கியதால் குடித்தோம்.

பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். வால்வைத் தொட வேலை அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்க ஆலை ஓட்டத்தில் இருக்க வேண்டும். ஆலை ஓட வால்வு திறக்க வேண்டும். இந்த இடத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் திருப்தியோடு பார்த்துக்கொண்டார்கள்.

நிர்வாக அதிகாரி சொன்னார்: “மூடியே இருக்கிற வால்வு பழுதுன்னு யாரும் சொல்ல முடியாது. திறந்து, அப்புறம் மூட வரலைன்னாத்தான் பழுது. நம்மகிட்ட இன்னைக்கு வரைக்கும் ஒரு பழுதும் கிடையாது.” பெயின்ட் ஒப்பந்தக்காரரைச் சிறப்பு அழைப்பாளராக உட்காரவைத்திருந்தார்கள். சக்கரத்தைத் திருப்பினால் பூச்சு வெடிக்கும், தான் பொறுப்பில்லை என்று அவர் மராத்தியில் சொன்னார். அந்தக் கூட்டத்தில் வால்வைப் பற்றி ஏதோ தெரிந்து பேசியவர் அவர் ஒருவர்தான்.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். நான் தமிழ்ப் பெண் என்பதால் என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். அது ஒரு சலுகை என்ற நினைப்பு அவருக்கு.

“நம்ம ஊர்ப் பொண்ணு நீ. ஒண்ணு கேக்கறேன். வாயு கண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“அப்ப அந்தக் குழாய்க்குள்ள வாயு இல்லைன்னு நீ எப்படிச் சொல்றே?”

இதற்குப் பதில் தெரிய நான் வேறு ஏதாவது படித்திருக்க வேண்டும்.

கடைசியில் தீர்மானம் போட்டார்கள். மேற்படி வால்வு திறக்கப்பட்டதாகக் கருதப்படும். மறுநாள் அதன் கழுத்தில் ‘திறந்துள்ளது’ என்று பச்சை அட்டை ஒன்று தொங்கியது. இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, “உன் ஆசை நிறைவேறிடுச்சும்மா” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என் வகுப்புத் தோழன் ஜெரோஷும் தட்டினான்.

ஜெரோஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேம்ப்பில் டீச்சர் குடும்பத்துப் பையன். கெட்டவன் இல்லை. எங்கள் வகுப்பில் முதல் மாணவன். எல்லா ஸ்லைடும் அவனுக்கு மனப்பாடம். பயிற்சி முடிந்ததும் அவனும் நானும் கரையில் ஒரே ஆலைக்கு, ஒரே ஷிப்டுக்குப் போவதாக ஏற்பாடு. நச்சு வாயு கழுவும் பகுதியில் யாரும் தனியாக நிற்கக் கூடாது. இருவர் இருவராகத்தான் நிற்க வேண்டும். ஒருவர் விழுந்தால் இன்னொருவர் தூக்க வேண்டும். எனக்கு அவன். அவனுக்கு நான். எங்களுக்குக் கீழே ஏணி ஏறுகிற, தொட்டி கழுவுகிற ஒப்பந்த ஆட்கள். நாங்கள் போ என்றால்தான் அவர்கள் உள்ளே போவார்கள்.

இதை நினைத்து நான் அவனிடம் புலம்புவேன். அவன் சிரிப்பான்.

“அரே, நீ ஏன் இவ்ளோ டென்ஷன் எடுக்குறே? அங்க போனா கத்துக் குடுப்பாங்க.”

“அங்க இருக்கவங்க, நாம இங்கயே கத்துக்கிட்டு வர்றோம்னு நினைச்சுட்டிருக்காங்க.”

“தோ க்யா? அதனால என்ன, சர்ட்டிபிகேட் இருக்கும்ல.”

ஞாயிற்றுக்கிழமை கோர்படிக்கு, வீட்டுக்குப் போனேன். அப்பா சுப்பையாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. அந்த வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். மகள் பெரிய காஸ் பிளான்ட்டில் ஆபீசர் ஆகப் போகிறாள் என்று தெரு முழுவதும் பேடா கொடுத்து முடித்திருந்தார். பக்கத்து வீட்டு ஷபானா ஆன்ட்டி, சிலிண்டர் புக் செய்தால் சீக்கிரம் வருமா என்று என்னிடம் விசாரித்தார்.

குழு, அட்டை, கைதட்டல் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கு ஒரு விஷயம்தான் காதில் விழுந்தது.

“ஏட்டி, டைரக்டரு நம்மாளா? அவுகட்டயா இப்பிடி எதுத்துப் பேசுன?”

“எதுத்துப் பேசலப்பா. கேட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான். வாயைப் பொத்திக்கிட்டு சர்ட்டிபிகேட்ட வாங்கிட்டு வா. அப்புறம் என்னத்த வேணா கேளு.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “வால்வு மூடிதான இருக்கு? மூடியே கெடக்கட்டும். நான் அடுப்பை அணைச்சா சிலிண்டரையும் சேத்துல்லா மூடுதேன். அவனுவளுக்கு இருக்க புத்திகூட ஒனக்கு இல்ல.”

கோபம் அவர்கள்மேல் இல்லை. அந்தப் பெரிய பெயரை நம்பியவர்கள் அவர்கள். நானும்தானே நம்பி நுழைவுத் தேர்வு எழுதினேன்.

அடுத்து வந்தது அவசரகால ஒத்திகை. ஆய்வுக் குழுவினர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்த்து எங்கள் நிறுவனத்துக்கு நட்சத்திரம் கொடுப்பார்கள். வாயு கசிந்து ஒருவர் மயங்கி விழுவார், மற்றவர்கள் மீட்பார்கள். விழுகிறவராக என்னைப் போட்டார்கள்.

“நீ கேட்டியே செய்முறை, இது அசல் செய்முறை” என்றார் இயக்குநர்.

கசிவு வந்தால் காற்றை எதிர்த்து ஓட வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறது என்று காட்டக் கூரையில் ஒரு துணிக்குழல் பறக்கும். எங்கள் துணிக்குழலுக்குள் கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள், தொய்ந்து போனால் போட்டோவில் நன்றாக இல்லை என்று. எந்தக் காற்றிலும் அது ஒரே திசையில் விறைப்பாக நிற்கும். அதன்படி ஓடினால் நேராக விருந்தினர் பந்தலுக்குப் போய்ச் சேரலாம்.

மீட்க வருகிறவர்கள் மூச்சுக்கருவி அணிய வேண்டும்: முகத்தை அடைத்த முகமூடி, முதுகில் காற்று சிலிண்டர். முகம் மறைந்தால் யார் யார் என்று விருந்தினருக்குத் தெரியாது என்பதால் மீட்புக் குழுவினர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டார்கள். எனக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை. நான் மயங்கியவள். எனக்கு முழுதாக மாட்ட வேண்டும்.

சங்கு ஊதியது. நான் விழுந்தேன். ஜெரோஷ் ஓடிவந்து என் தலையைத் தூக்கி, முகமூடியைப் பொருத்தி, பின்னால் பட்டைகளை இறுக்கினான். எல்லாம் ஸ்லைடில் உள்ளபடி. நேர்த்தியாக இறுக்கினான்.

நான் மூச்சை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை.

மறுபடி இழுத்தேன். ரப்பர் என் கன்னத்தோடு ஒட்டியது. சிலிண்டரில் காற்று இல்லை. காற்றை நிரப்பினால் அது அழுத்தக் கலன் ஆகிவிடும், அழுத்தக் கலன் வைக்கத் தனி உரிமம் வேண்டும், அதனால் காலியாக வைப்பதே பாதுகாப்பு என்று பின்னால் விளக்கினார்கள். அப்போது எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. கைகளை முகத்துக்குக் கொண்டுபோனேன். ஜெரோஷ் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். உதறினேன். இன்னொருவனும் வந்து பிடித்தான். காலால் தரையை அடித்தேன். பந்தலில் யாரோ “வெரி ரியலிஸ்டிக்” என்றது காதில் விழுந்தது. கண்ணுக்கு முன்னால் மஞ்சள் குழாய்கள் கறுத்துக்கொண்டு வந்தன.

ஜெரோஷின் மணிக்கட்டில் என் நகம் ஆழமாக இறங்கியது. அவன் பிடி நழுவியது. பட்டையைப் பிய்த்தேன். காற்று வந்தது. ஹடப்சரின் புகையும் பெயின்ட் வாசனையும் கலந்த காற்று. குப்புறக் கிடந்து அதைத் தின்றேன்.

பந்தல் எழுந்து நின்று கைதட்டியது.

ஆரோக்கியமணி அங்கிள்தான் தண்ணீர் கொண்டுவந்தார். “முஜே பதா நஹி தா பேட்டா” என்றார். “காலியா இருக்கும்னு எனக்குத் தெரியாது. சிலிண்டர் சீலை உடைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. உடைச்சதே இல்ல.”

நான் ஜெரோஷைத் தேடிப் போனேன். மணிக்கட்டில் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

“ஏன்டா கையைப் பிடிச்சே?”

“ஸ்லைட்ல இருக்கு. பாதிக்கப்பட்டவர் பதற்றத்துல மாஸ்க்கைக் கழட்டப் பார்ப்பார், விடக் கூடாது.”

“எனக்கு மூச்சு வரல.”

“மத்லப்... அதாவது, அது எனக்கு எப்டி தெரியும்? மூச்சு வந்தாலும் நீ அப்டித்தானே பண்ணுவே.” அவன் உண்மையாகவே கேட்டான். முகத்தில் ஒரு பொய் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கரையில், நிஜ வாயுவுக்குள், என்னைத் தூக்க வரப்போகிறவன் இவன். இவன் விழுந்தால் தூக்கப் போகிறவள் நான். எனக்கு மட்டும் என்ன தெரியும்? சிலிண்டரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே என் மூச்சு நின்றபோதுதான் தெரிந்தது. எங்கள் பேச்சை நம்பித் தொட்டிக்குள் இறங்கப் போகிறவனுக்கு அதுவும் தெரியாது.

எங்கள் நிறுவனம் விரைந்து நடவடிக்கை எடுத்தது. ‘அணிவதற்கு முன் சிலிண்டரைத் திறக்கவும்’ என்று ஸ்லைடில் ஒரு வரி சேர்த்தார்கள். சிலிண்டரில் காற்று நிரப்பவில்லை. அந்த ஒத்திகைக்கு நிறுவனம் இன்னொரு நட்சத்திரமும் பெற்றது.

பட்டமளிப்பு விழாவில் சான்றிதழோடு ‘சிறந்த பாதிக்கப்பட்டவர்’ விருதும் எனக்கு இருப்பதாகச் சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும் வருவதாக இருந்தது. முந்தின நாள் போன் செய்து வர வேண்டாம் என்றேன். ஏன் என்று அப்பா கேட்டார். வந்து சொல்கிறேன் என்றேன். என்ன சொல்லப் போகிறேன் என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

மேடையேறும் ஒவ்வொருவரும் மைக்கில் ‘நான் தகுதி பெற்றேன்’ என்று உறுதி சொல்ல வேண்டும். அதற்கு முன் இயக்குநர் பேசினார்.

“நம்மிடம் பயின்றவர்கள் நாட்டின் கரையெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இந்த வளாகத்துக்குள் விபத்துக்கு ஆளானதில்லை. வெளியே போன பிறகு என்ன நடக்கிறது என்பது அந்தந்த ஆலையின் பாதுகாப்புக் கலாச்சாரத்தைப் பொறுத்தது. சிலர் கேட்கிறார்கள், வாயு இல்லாமல் எப்படி வாயுவைக் கற்றுத்தருகிறீர்கள் என்று. நான் கேட்கிறேன், வாயு இருந்தால் இவ்வளவு நிம்மதியாகக் கற்றுத்தர முடியுமா?”

அரங்கம் சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெரோஷும் சிரித்தான். அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். போய், மைக்கில் தெளிவாக, “நான் தகுதி பெற்றேன்” என்றான். அவன் அம்மா முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் எழுந்தேன். மேடைக்குப் போகும் பக்கம் இல்லை, கதவின் பக்கம்.

கதவருகே ஆரோக்கியமணி அங்கிள் நின்றார். கோட் போட்டிருந்தார். அவருக்குப் பொருந்தவில்லை.

“பேட்டா, அடுத்தது உன் பேரு. கிதர் ஜா ரஹி ஹை?”

“ஸ்வார்கேட் பஸ் ஸ்டாண்டுக்கு அங்கிள். கரைக்கு பஸ் இருக்கு.”

“சர்ட்டிபிகேட் இல்லாம ஆலை கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க.”

“கேட்ல நின்னே சொல்லிக்கிறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, எங்க பேட்ச்ல யாருக்கும் ஒண்ணும் தெரியாது, யாரையும் கோபுரத்துப் பக்கம் தனியா விடாதீங்கன்னு. அப்புறம் ஹெல்பரா வச்சுக்கிட்டாலும் சரி, விரட்டினாலும் சரி.”

“வேலை போயிடும். உன்னுது மட்டும் இல்ல, அந்தப் பசங்களுதும்.” அவர் குரல் இறங்கியது. “என்னுதும்.”

“தெரியும் அங்கிள்.”

“ஜெரோஷ் உன்னை மன்னிக்கமாட்டான்.”

“உயிரோட இருந்து திட்டட்டும்.”

அவர் என்னைத் தடுக்கவும் இல்லை, வழிவிடவும் இல்லை. நான்தான் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் கண்ணில் அடித்தது. பின்னால் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். பிறகு, யாரும் ஏறாத மேடைக்கு, அரங்கம் முழுவதும் கைதட்டுவது கேட்டது. நான் நடந்துகொண்டிருந்தேன்.